பத்து பாட்டில் தொக்குக்குமா பதிவு?

"தெரிஞ்சவங்க நாலு பேருக்குத்தான் குடுக்கிறேன். மாசம் பத்து பாட்டில் தொக்கு. இதுக்கெல்லாமா கவர்மென்ட்ல பதியணும்?"

வீட்டில் சமைத்து விற்க நினைக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். பதில் ஒரே சொல்: ஆமாம். நானும் ஸ்ரீரங்கத்தில் வீட்டிலிருந்தே பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, மாவடு என்று விற்கிறேன். தெருவிலும் உறவிலும் இதே வழியில் இறங்கியவர்கள் பலர். அவர்களுக்கு வாய்ப்பேச்சாகச் சொல்லிவந்ததைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். கேட்கிறவர்களுக்கு இனி இதையே அனுப்பிவிடலாம்.

உணவு பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006-இல் வந்தது. உணவுத் தொழில் எது என்று அந்தச் சட்டம் சொல்கிற இடத்தில், லாபத்துக்காக இருந்தாலும் இல்லாவிட்டாலும் என்று சேர்த்தே சொல்கிறது. அதனால் "நான் லாபத்துக்குச் செய்யல, அடக்க விலைக்குத்தான் குடுக்கிறேன்" என்பது விலக்கு ஆகாது. "கடை வெச்சிருந்தாத்தானே?" என்பதும் ஆகாது. வாட்ஸப் குழுவில் ஆர்டர் வாங்கினாலும், அடுக்குமாடிக் குடியிருப்பில் கீழ்வீட்டுக்கு மட்டும் கொடுத்தாலும் விற்பனை விற்பனைதான்.

அதே சமயம், இதைக் கேட்டதும் பயந்து கையைக் கட்டிக்கொள்ளவும் வேண்டாம். சட்டம் இரண்டு வாசல் வைத்திருக்கிறது. பெரிய நிறுவனங்களுக்கு உரிமம். சிறியவர்களுக்குப் பதிவு மட்டும். 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறைக்கு வந்த விதிமுறைகள் இந்தப் பதிவுக்கு வகுத்த எல்லை, ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய். லாபமல்ல, விற்றுமுதல். கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். இந்த எல்லைகளும் கட்டணமும் காலவரையும் திருத்தத்துக்கு உட்பட்டவை, ஆகவே விண்ணப்பிக்கும் அன்று இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இணையதளத்தின் பெயர் ஃபாஸ்காஸ். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. நடத்துவது, 2020-இல் வந்தது. புகைப்படம், அடையாளச் சான்று, சமைக்கும் இடத்தின் முகவரி, என்ன செய்கிறீர்கள் என்ற விவரம் ஆகியவற்றைக் கொடுத்தால் படிவம் 'ஏ' முடிந்துவிடும். தேடிப் பார்க்கும்போது மேலே வந்து நிற்கும் தளங்களில் பல தனியார் முகவர்களுடையவை. அரசுத் தளம் போலவே வண்ணமும் சின்னமும் வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். முகவரியின் கடைசியில் 'ஜிஓவி டாட் இன்' இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். கணினி பழக்கமில்லை என்றால் அருகிலுள்ள பொது சேவை மையத்துக்குப் போகலாம்.

விண்ணப்பித்த 7 நாளுக்குள் அதிகாரி பதிவு தர வேண்டும், அல்லது காரணம் எழுதி மறுக்க வேண்டும், அல்லது ஆய்வுக்கு வருகிறேன் என்று சொல்ல வேண்டும். ஆய்வு என்றால் 30 நாளுக்குள் முடிவு வர வேண்டும். இந்த இரண்டும் நடக்காமல் காலம் போனால் தொழிலைத் தொடங்கலாம் என்று விதிமுறையே சொல்கிறது. இது பலருக்குத் தெரியாது. மாதக்கணக்கில் காத்திருந்து ஆசையே வற்றிப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

கிடைக்கும் எண் 14 இலக்கம். முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் பதிவு. அடுத்த இரண்டு மாநிலத்துக்கு, தமிழ்நாட்டுக்கு 24. பிறகு ஆண்டு. ஆகவே நம்மூர் வீட்டுச் சமையல்காரர் ஒருவரின் எண் 224 என்றுதான் தொடங்க வேண்டும். யாராவது பாட்டிலில் 124 என்று போட்டிருந்தால் அது உரிமம் வாங்கிய நிறுவனத்தின் எண், அல்லது வேறெங்கிருந்தோ எடுத்த எண். 2022 ஜனவரி 1 முதல் இந்த எண்ணைப் பில்லிலும் போட வேண்டும். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கிற பில்லும் பில்தான்.

"பதியாம வித்தா ஜெயில்" என்று முகவர்கள் பயமுறுத்துவார்கள். அதற்கு அவர்கள் காட்டுவது சட்டத்தின் 63-ஆம் பிரிவை. அந்தப் பிரிவு உரிமம் வாங்க வேண்டியவர்களுக்கானது. பதிவு மட்டும் போதுமான சிறு வணிகர்களை அதன் வாசகமே விலக்கி வைக்கிறது. பதியாமல் இருப்பது விதிமீறல்தான், அபராதம் வரலாம். ஆனால் பயத்தில் ஐயாயிரம் ரூபாயை யாரிடமாவது கொடுக்க வேண்டிய விஷயம் இல்லை.

இதுவரை சொன்னது காகித வேலை. ஒரு மதியத்தில் முடிந்துவிடும். என் மனசில் உறுத்திக்கொண்டே இருப்பது வேறு.

நம் சட்டம் இந்த வாசலில் உங்கள் விற்றுமுதலைத்தான் அளக்கிறது. ஒருவர் வெறும் கறிவேப்பிலைப் பொடி விற்கிறார், இன்னொருவர் கோழிக் குழம்பும் தேங்காய்ச் சட்டினியும் டப்பாவில் போட்டு அனுப்புகிறார். இருவருக்கும் அதே படிவம், அதே 100 ரூபாய். ஆனால் சாப்பிடுகிறவர் வயிற்றுக்குள் போகும் ஆபத்து இரண்டிலும் ஒன்றல்ல. அது எவ்வளவு விற்றோம் என்பதில் இல்லை, என்ன விற்றோம் என்பதில் இருக்கிறது.

கலிஃபோர்னியாவில் வேறு மாதிரி யோசித்தார்கள். 2012-இல் அவர்கள் கொண்டுவந்து 2013 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வீட்டு உணவுச் சட்டம், பண்டங்களையே பட்டியல் போட்டது. ரொட்டி, ஜாம், மிட்டாய், உலர்ந்த கலவைகள் போல வெளியில் வைத்தாலும் கிருமி வளராதவற்றை வீட்டில் செய்து விற்கலாம். கிரீம் வைத்தது, இறைச்சி சேர்ந்தது கூடாது. சுடச்சுடச் சாப்பாடு சமைத்து விற்பதற்கு 2018-இல் தனிச் சட்டம் வந்தது. அதிலும் ஒவ்வொரு கவுன்டியும் தனித்தனியாக ஒப்புக்கொண்டால்தான் அங்கே செல்லும். சமையலறையை வந்து பார்த்துத்தான் அனுமதி தருவார்கள். அவர்கள் பட்டியலில் புளிக்காய்ச்சலும் மாவடுவும் இருக்காது, அது நமக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் பண்டத்தைப் பார்த்து விதி வகுக்கிற அந்த வழிதான் எனக்குச் சரியாகப் படுகிறது. நம்மூர் உணவுப் பாதுகாப்புத் துறை நம் பண்டங்களுக்கு அப்படி ஒரு பட்டியலைத் தமிழில் போட்டு, பதிவுச் சான்றோடு சேர்த்துக் கையில் கொடுத்தால் எத்தனை வீடுகளுக்கு உதவியாக இருக்கும்!

அது வரும்வரை நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். நான் எப்படிப் பார்க்கிறேன் என்று சொல்கிறேன்.

முதலில் ஈரம். கிருமி வளர அதற்குப் பயன்படும் நீர் வேண்டும். வறுத்து அரைத்த பொடியில் அது இல்லை. அதனால்தான் பருப்புப் பொடி மாதக்கணக்கில் நிற்கிறது. ஆனால் பொடி என்றால் பயமே இல்லை என்று நினைக்கக் கூடாது. ஈரத்தில் கிடந்த நிலக்கடலை, மிளகாய் வற்றல், கொப்பரை ஆகியவற்றில் பூஞ்சை பிடித்து அஃப்லாடாக்சின் என்ற நச்சு உண்டாகும். வறுத்தால் பூஞ்சை போகும், நச்சு முழுவதும் போகாது. ஆகவே மலிவாகக் கிடைக்கிறதே என்று நிறம் மங்கிய வற்றலை வாங்கி, 'வறுத்துட்டா சரியாயிடும்' என்று போடாதீர்கள். சூட்டோடு பொடியைப் பாட்டிலில் அடைத்தால் ஆவி மூடியில் வேர்த்து உள்ளேயே சொட்டும். தாம்பாளத்தில் பரப்பி நன்றாக ஆறவிட்டு அடையுங்கள்.

அடுத்து புளிப்பு. புளிப்பை அளக்கும் பி.எச். எண் 4.6-க்குக் கீழே இருந்தால் பாட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் கிருமி வளர்ந்து நச்சு கக்க முடியாது. இந்த 4.6 என்ற எண்ணை வீட்டில் ஊறுகாய் போடும் எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தக்காளி இந்தக் கோட்டுக்கு மிக அருகில் இருக்கும் பழம். நன்றாகப் பழுத்தது கோட்டைத் தாண்டியும் போகும். நம் தொக்கில் புளி சேர்ப்பது ருசிக்கு மட்டுமல்ல, அந்த எண்ணைக் கீழே இறக்கவும்தான். எண்ணெய் பிரிந்து வரும்வரை சுருளக் கிளறுவது நீரை வெளியேற்ற. உப்பு மீதியைப் பார்த்துக்கொள்கிறது. பாட்டிமார்களின் பக்குவம் ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு வேலை இருக்கிறது. சிக்கல் எங்கே வருகிறது என்றால், "உப்பு கம்மியா, எண்ணெய் கம்மியா, புளி இல்லாம பண்ணித் தாங்க" என்று வாடிக்கையாளர் கேட்கும்போது. நாம் சரி என்று தலையாட்டினால் அந்தப் பாட்டில் இனி பழைய தொக்கு இல்லை. அதைக் குளிர்பெட்டியில் வைத்துச் சில நாளில் தீர்க்க வேண்டிய சமையல். அதை அப்படிச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

எண்ணெய் மூடியிருந்தால் கெடாது என்ற நம்பிக்கையும் முழு உண்மை இல்லை. எண்ணெய் காற்றைத் தடுக்கும். பூஞ்சைக்குக் காற்று வேண்டும், ஆகவே மேலே பூஞ்சை வராது. ஆனால் பாட்டுலிசக் கிருமி காற்றில்லாத இடத்தில்தான் வளரும். பச்சைப் பூண்டை வெறும் எண்ணெயில் ஊறப்போட்டு அலமாரியில் வைப்பது ஆபத்தானது என்று சொல்வது இதனால்தான். அதே பூண்டில் எலுமிச்சைச் சாறோ புளியோ போதிய அளவு ஏறினால் கதை மாறுகிறது. பி.எச். தாள் ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் கிடைக்கும். தொக்கின் நிறம் தாளில் ஏறி ஏமாற்றும் என்பதால், விற்பனை பெருகினால் ஒரு சிறிய மீட்டர் வாங்கிவிடுவது நல்லது. நான் ஒவ்வொரு ஈட்டிலும் (ஒரே தடவையில் செய்து இறக்குவது ஓர் ஈடு) அளந்து நோட்டில் எழுதுகிறேன்.

சாப்பாடு டப்பா விற்கிறவர்கள் எல்லோரையும்விடக் கவனமாக இருக்க வேண்டும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் பெருகும். திருச்சி வெயிலில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் இருக்கும் சோறு எந்தச் சூட்டில் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அரிசியோடு வரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்து நச்சைக் கக்கும். அந்த நச்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. ஆகவே காலையில் வடித்ததை மாலைக்குக் கலந்த சாதமாக்கி அனுப்புவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். சூடாக இருக்கவேண்டியது சூடாகவே போக வேண்டும். ஆற வைக்க வேண்டியதைச் சீக்கிரம் ஆற்றிக் குளிர்பெட்டிக்குள் வைக்க வேண்டும். தேங்காய்ச் சட்டினியைக் காலையில் அரைத்துச் சாயங்காலம் விற்காதீர்கள்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா இட்லி மாவு விற்கிறார். நன்றாக ஓடுகிற தொழில். மாவு புளிக்கப் புளிக்க அமிலம் ஏறுவதும், ஆவியில் வேகவைத்துத்தான் சாப்பிடுவதும் இதில் பெரிய பாதுகாப்பு. ஆனாலும் கவர் போட்ட பிறகும் உள்ளே புளிப்பு நடந்துகொண்டே இருக்கும், கவர் உப்பும். "அக்கா, எந்தத் தண்ணி ஊத்தி அரைக்கிறீங்க?" என்று கேட்டேன். "போர் தண்ணிதான்ப்பா, நல்லா இனிப்பா இருக்கும்" என்றார். இனிப்பாக இருக்கிற தண்ணீர் எல்லாம் சுத்தமான தண்ணீர் என்று சொல்ல முடியாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் கட்டணம் கட்டித் தண்ணீரைச் சோதித்துக்கொள்ளலாம். அக்கா கொடுத்துப் பார்த்தார், இப்போது வடிகட்டிய தண்ணீர்தான்.

கேக், சாண்ட்விச் செய்கிறவர்களுக்கு ஒரு செய்தி. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்தது. தடைக் காலம் ஒருபுறம் இருக்கட்டும், காரணம் மாறவில்லை: வேகாத முட்டையில் சால்மோனெல்லா இருக்கலாம். முட்டையில்லாத வகையைச் செய்யுங்கள்.

இனி லேபிள். அதிகம் பேர் தடுக்கி விழுவது இங்கேதான், ஏனென்றால் இரண்டு சட்டங்கள் சேர்ந்து ஒரு சின்னத் தாளில் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிமுறைகள். மற்றது சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருட்கள் விதிகள், 2011. இரண்டுமே முன்கூட்டி அடைத்து வைத்து விற்கும் பண்டத்துக்குத்தான். ஆர்டர் வந்தபின் சமைத்துச் சுடச்சுடக் கொடுக்கும் சாப்பாட்டை இந்தப் பேச்சில் சேர்க்க வேண்டாம்.

லேபிளில் வர வேண்டியவை: பண்டத்தின் பெயர், சேர்மானங்கள், நிகர எடை, செய்த தேதி, எந்தத் தேதிக்குள் உண்ண வேண்டும், ஈட்டு எண், உங்கள் பெயரும் முகவரியும், 14 இலக்க எண்ணும் சின்னமும், எல்லா வரியும் உட்பட்ட அதிகபட்ச விலை, ஒரு கிராமுக்கு என்ன விலை, புகாருக்கு யாரை அழைப்பது. சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக எழுத வேண்டும். 'ரகசிய மசாலா' என்று எழுதிவிட்டு விட முடியாது.

சைவக் குறி பச்சைக் கட்டத்துக்குள் பச்சை வட்டம். அசைவக் குறி பழுப்புக் கட்டத்துக்குள் பழுப்பு முக்கோணம்; பழைய பழுப்பு வட்டத்தை 2020 விதிமுறை மாற்றிவிட்டது, நிறக் குறைபாடு உள்ளவர்களும் வடிவத்தை வைத்து அறிந்துகொள்ள இது உதவும். முட்டை சேர்ந்தால் அசைவக் குறிதான். "எங்க வீட்ல முட்டை சைவம்" என்று கேக்குக்குப் பச்சை போடக் கூடாது.

ஒவ்வாமை விவரத்தில் ஒன்றைக் கட்டாயம் கவனிக்கச் சொல்கிறேன். கடையில் வாங்கும் பெருங்காயம் பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். அதில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் எழுதியிருப்பார்கள். நம் சாம்பார்ப் பொடியிலும் ஊறுகாயிலும் அது போகிறது. கோதுமை சேராத உடம்புக்காரர் 'அரிசி, பருப்பு, மிளகாய்தானே' என்று நம்பி வாங்கிச் சாப்பிட்டால் துன்பப்படுவார். ஆகவே 'கோதுமை உள்ளது' என்று லேபிளில் வர வேண்டும். வேர்க்கடலை, முந்திரி போன்ற கொட்டைகள், பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, சோயா ஆகியவையும் அந்தக் கட்டாயப் பட்டியலில் இருக்கின்றன. எள் பட்டியலில் இல்லை. ஆனால் எள் ஒவ்வாதவர்கள் இருக்கிறார்கள், நாம் நல்லெண்ணெய் இல்லாமல் எதையும் செய்வதில்லை. நான் எள்ளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

லேபிள் எந்த மொழியில் இருக்க வேண்டும்? ஆங்கிலம் அல்லது தேவநாகரியில் இந்தி. தமிழைக் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம், தமிழில் மட்டும் இருந்தால் விதிப்படி போதாது. ஸ்ரீரங்கத்தில் செய்து ஸ்ரீரங்கத்தில் விற்கும் மாவடுவை வாங்குகிறவர் படிக்கிற மொழி எதுவோ அதில் எழுதினால் போதும் என்று விதி இருந்திருக்க வேண்டும். ஆங்கிலம் படிக்கத் தெரியாத பாட்டிக்கு 'இந்தத் தேதிக்குள் உண்ணவும்' என்பது தமிழில் தெரியாவிட்டால் அந்த வரியால் அவருக்கு என்ன பயன்? இது திருத்தப்பட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. திருத்தும் வரை இரண்டு மொழியிலும் அச்சடியுங்கள். இடம் போதவில்லை என்றால் பெரிய பாட்டிலுக்கு மாறுங்கள், தமிழை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

எடையளவு விதியில் இன்னொரு கடமை: அடைத்து விற்கத் தொடங்கிய 90 நாளுக்குள் பொதிபவர் என்று தனியாகப் பதிய வேண்டும். தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. அதே துறையில்தான் மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வாங்க வேண்டும். இணையக் கடையில் வாங்கிய சமையலறைத் தராசுக்கு முத்திரை கிடைக்காது; வியாபாரத்துக்கான தராசை உரிமம் பெற்ற கடையில் வாங்க வேண்டும்.

தேதி விஷயம். 'ஆறு மாதம்' என்று ஊரெல்லாம் போடுகிறார்கள் என்று நாமும் போடக் கூடாது. எத்தனை நாள் நிற்கும் என்பதைச் சொல்லும் பொறுப்பு செய்கிறவருடையது. ஒவ்வொரு ஈட்டிலும் ஒரு பாட்டிலை எடுத்து, வாடிக்கையாளர் வீட்டில் எப்படி இருக்குமோ அப்படியே வெளியில் வையுங்கள். மாதா மாதம் திறந்து நிறம், மணம், மேல்பரப்பு பாருங்கள். மணமும் நிறமும் எல்லாக் கிருமியையும் காட்டிக்கொடுக்காது; ஆகவே நீண்ட தேதி போட விரும்பினால் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ஒருமுறையாவது கொடுத்துப் பார்க்க வேண்டும். அந்தச் செலவு கட்டாது என்றால் குறைந்த தேதி போட்டு, குறைவாகச் செய்து, அடிக்கடி செய்யுங்கள். புதுசாகச் செய்தது என்பதற்குத்தான் வீட்டுச் சமையலுக்கு வாடிக்கையாளர் விலை தருகிறார்.

சமையலறைக்கான விதிகள் 2011 விதிமுறைகளின் நான்காம் அட்டவணையில் இருக்கின்றன. சிறியவர்களுக்கான பகுதி படிக்க எளிதானது: சுத்தமான இடம், குடிக்கத் தகுந்த தண்ணீர், கழுவக்கூடிய தரை, மூடிய குப்பைத் தொட்டி, வெட்டிய நகம், தொற்று நோய் உள்ளவர் சமைக்காமல் இருப்பது. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் அன்றைய ஆர்டரை ரத்து செய்வதுதான் இதில் கடினமானது, ஏனென்றால் வீட்டில் நமக்கு மாற்று ஆள் இல்லை. இருந்தாலும் ரத்து செய்யத்தான் வேண்டும். வீட்டுச் சமையலும் விற்பனைச் சமையலும் ஒரே நேரத்தில் ஒரே மேடையில் நடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மீன் கழுவிய அரிவாள்மனையில் மாங்காய் நறுக்காதீர்கள்.

முறுக்கு, அதிரசம் போடுகிறவர்களுக்கு: எண்ணெயில் சிதைந்த பொருளின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் விதி. அளக்கும் கருவி நம்மிடம் இருக்காது. நுரைத்து, கறுத்து, புகைகிற எண்ணெயைக் கீழே இறக்கிவிடுங்கள், புது எண்ணெயோடு கலந்து ஒப்பேற்றாதீர்கள். பொரித்ததைச் செய்தித்தாளில் வடிய விடுவதும் விதிப்படி தவறு. அச்சு மை எண்ணெயில் கரையும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தடையும் இருக்கிறது, உணவு கட்டும் பிளாஸ்டிக் தாளும் கைப்பையும் அதில் அடக்கம். வாழையிலை நம்மூரில் இன்னும் கிடைக்கிறது.

யாரும் பேசாத ஒன்று சிலிண்டர். வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிவப்பு சிலிண்டர் வீட்டுச் சமையலுக்கு மட்டும். விற்பனைக்குச் சமைப்பது வணிகப் பயன்பாடு; 2000-ஆம் ஆண்டு எரிவாயு ஒழுங்குமுறை ஆணைப்படி அது குற்றம். வணிகத்துக்கு 19 கிலோ சிலிண்டர் இருக்கிறது. அதை வைக்க இடம் இல்லாத வீட்டுக்குச் சந்தை விலையில் கிடைக்கும் 5 கிலோ சிலிண்டர் ஒரு வழி. விலை கூடத்தான். தொக்கின் விலையைப் போடும்போதே அதைக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். மின்சாரக் கட்டண வகையையும் உள்ளாட்சியின் தொழில் உரிமத்தையும் உங்கள் பகுதி அலுவலகங்களில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டும் இடத்தையும் அளவையும் பொறுத்தவை.

'சர்க்கரையைக் குறைக்கும்', 'மூட்டு வலி போகும்' என்று ஆவாரம்பூப் பொடிக்கும் முடக்கத்தான் மாவுக்கும் எழுதுகிறார்கள். வேண்டவே வேண்டாம். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 53-ஆம் பிரிவின்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அதைவிடப் பெரிய கவலை, அதை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிடுவது. 'ஆர்கானிக்' என்று போடவும் சான்று வேண்டும். தெரிந்த விவசாயியிடம் வாங்கியது என்றால் அதை அப்படியே சொல்லுங்கள்.

ஒருநாள் உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்து மாதிரி எடுக்கலாம். எடுத்தால் விலை கொடுப்பார், கொடுக்க வேண்டும். மாதிரியை நான்காகப் பிரித்து முத்திரை வைப்பார். ஒன்று உணவுப் பகுப்பாய்வாளருக்கு, இரண்டு நியமன அலுவலரிடம். நான்காவதை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு, அதை எழுத்தில் கேளுங்கள். பகுப்பாய்வாளர் 14 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். அறிக்கை பாதகமாக வந்தால் மேல்முறையீடும் உண்டு. வருகிற அலுவலரிடம் சண்டை போடவும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். நோட்டை எடுத்துக் காட்டுங்கள்: எந்தத் தேதியில் செய்தது, எங்கே வாங்கிய புளி, பி.எச். எவ்வளவு, யார் யாருக்குப் போனது.

அந்த நோட்டு அலுவலருக்காக மட்டுமல்ல. வாடிக்கையாளர் ஒருவர் அழைத்து, "உங்க புளிக்காய்ச்சல் சாப்பிட்டதிலிருந்து பிள்ளைக்கு வயித்தால போகுது" என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? நம்முடையதாக இருக்காது என்று வாதாடாதீர்கள். முதலில் பிள்ளையை டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். பாட்டிலை எறிய வேண்டாம், மூடி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஈட்டு எண்ணைக் கேளுங்கள். அந்த ஈட்டில் வாங்கிய எல்லோரையும் அன்றே அழைத்து, சாப்பிட வேண்டாம் என்று சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். நீங்கள் எடுத்து வைத்த மாதிரிப் பாட்டிலை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். உணவால் ஒருவருக்குக் கேடு வந்தது என்று உறுதியானால் 65-ஆம் பிரிவின்படி இழப்பீடு தர வேண்டும். கொடுங்காயத்துக்கு 3 லட்சம் வரை, உயிரிழப்புக்குக் குறைந்தது 5 லட்சம். ஈட்டு எண் இல்லாமல் விற்றிருந்தால் யாரை அழைப்பது என்றே உங்களுக்குத் தெரியாது.

அதனால் இன்னும் பதியாதவர்கள் இந்த வாரம் இரண்டு வேலை செய்யுங்கள். ஃபாஸ்காஸில் விண்ணப்பத்தைப் போடுங்கள். ஒரு நீள நோட்டு வாங்கி, அடுத்த ஈட்டுக்கு 1 என்று எண் கொடுங்கள். படிவத்தில் 'தொழிலின் வகை' கேட்கும் இடத்தில் குழம்புகிறவர்கள் பலர்: பொடி, ஊறுகாய், மாவு என்றால் உற்பத்தியின் கீழ் தேடுங்கள், சாப்பாடு என்றால் வீட்டு உணவகம் என்ற வகை தனியாகவே இருக்கிறது. இரண்டும் செய்கிறவர்கள் இரண்டையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.